மொழி மாறிய பிள்ளைகள்: பிரான்சுக்கு வெளியே எழுதப்பட்ட பிரெஞ்சு இலக்கியத்தை நாம் ஏன் படிக்க வேண்டும்?

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் வீதியில், பனிச்சங்கேணிப் பாலத்தைக் கடந்துகொண்டிருந்த பஸ்ஸில் ஒரு தொலைபேசி உரையாடலைக் கேட்க நேர்ந்தது. பின் இருக்கையில் வயதான தாய் ஒருவர். காணொளி அழைப்பின் மறுமுனையில் பிரான்சில் பிறந்த பேரப்பிள்ளை. "சாப்பிட்டயா மனே?" என்று இவர் கேட்டார். "ஓம் அம்மம்மா" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை தன் பள்ளிக்கூடத்தைப் பற்றி மூச்சுவிடாமல் பிரெஞ்சில் சொல்லத் தொடங்கியது. தாய் களப்பைப் பார்த்தபடியே "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இடையில் பிள்ளையின் தாய் வந்து இரண்டு வசனத்தில் விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனார். அழைப்பு முடிந்ததும் பக்கத்தில் இருந்தவர் கேட்டார்: "தமிழ் பேசத் தெரியாட்டி அது எப்பிடித் தமிழ்ப் பிள்ளையாகும்?"

யாரும் பதில் சொல்லவில்லை. கேள்வி நியாயமானதுதான். ஆனால் அது புதிய கேள்வி அல்ல. ஆபிரிக்காவிலும் கரிபியன் தீவுகளிலும் இந்து சமுத்திரத் தீவுகளிலும் வாழ்கின்ற மக்கள் ஏறக்குறைய நூறு வருடங்களாக இதையே பிரெஞ்சு மொழியில் கேட்டு, பிரெஞ்சு மொழியிலேயே பதிலும் எழுதிவருகிறார்கள். அந்த எழுத்தில் கணிசமான பகுதி தமிழ்நாட்டிலிருந்தும் தென்னிந்தியாவின் பிற இடங்களிலிருந்தும் கப்பலேற்றப்பட்டவர்களைப் பற்றியது. அதை எழுதியவர்களில் அவர்களின் வழித்தோன்றல்களும் உண்டு. எங்கள் பாடத்திட்டங்களிலோ வாசிப்பு வட்டங்களிலோ அதற்கு இடமில்லை. பிரெஞ்சு என்றால் எமக்கு விசா, வதிவிட அனுமதி, லாச்சப்பல் கடைத்தெரு. அவ்வளவுதான்.

இந்தக் கரைக்கு வந்துபோன பிரெஞ்சுக்காரர்

பிரெஞ்சுக்காரர் எங்கள் கடலுக்குப் புதியவர்கள் அல்லர். 1672 இல் தளபதி டி லா ஹேயின் கப்பற்படை கொட்டியாரக்குடாவுக்கு வந்தது. கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆதரவை நம்பி வந்தவர்களை ஒல்லாந்தர் நிலைகொள்ள விடவில்லை. 110 வருடங்கள் கழித்து, 1782 ஏப்ரல் 12 அன்று, திருகோணமலைக்குத் தெற்கே இதே கிழக்குக் கரையோரத்தில் பிரெஞ்சுத் தளபதி சுப்ரெனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூசும் மோதினார்கள். அந்தச் சமருக்குப் பின் சுப்ரென் தன் கப்பல்களை மட்டக்களப்புக்குக் கொண்டுவந்து, நோயாளிகளைக் கரையிறக்கி, ஜூன் தொடக்கம் வரை தங்கியிருந்தார். அதே ஆண்டு ஓகஸ்ட் இறுதியில் திருகோணமலைக் கோட்டையையும் கைப்பற்றினார். பின்னர் சமாதான உடன்படிக்கையோடு அது ஒல்லாந்தரிடம் திரும்பிவிட்டது.

ஆக, பிரெஞ்சு இங்கே வேரூன்றவில்லை. ஒரேயொரு பெயர் மட்டும் எஞ்சியது. 1672 இல் கண்டி மன்னனிடம் தூது போன லா நெரோல் என்பவரை மன்னன் திருப்பி அனுப்பவில்லை. அவர் இங்கேயே குடும்பம் ஆனார். 'டி லனரோல்' என்ற குடும்பப் பெயர் இன்றும் இலங்கையில் உண்டு. அந்தக் குடும்பத்தவர்கள் சிங்களம் பேசுகிறவர்கள், சிங்களவர்கள். பிரெஞ்சு போய் மூன்று நூற்றாண்டுகள் ஆகியும் பெயர் மட்டும் போகவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதே கதை மறுபக்கமாக வேறு தீவுகளில் நடந்திருக்கிறது.

பெயரில்லாத அராபியன்

தமிழ் வாசகர்களில் பலருக்குப் பிரெஞ்சு இலக்கியம் என்றவுடன் நினைவுக்கு வருவது அல்பேர் கமுய் எழுதிய 'அந்நியன்'. வெ. ஸ்ரீராமின் மொழிபெயர்ப்பில் 1980 இல் க்ரியா வெளியிட்டது. ஈழத்திலும் கைமாறிக் கைமாறி வாசிக்கப்பட்ட நூல். கமுய் அல்ஜீரியாவில் பிறந்தவர், கதை நடப்பதும் அல்ஜீரியாவில்தான். அதில் கதாநாயகன் மெர்சோ கடற்கரையில் ஒரு மனிதனைச் சுட்டுக்கொல்கிறான். கொல்லப்பட்டவனுக்கு நாவல் முழுவதிலும் பெயர் கிடையாது. அவன் 'அராபியன்', அவ்வளவே. நாங்கள் எல்லோரும் அந்த நாவலை இருத்தலியல் பிரதியாகப் படித்து வியந்தோம். செத்தவனுக்கு ஏன் பெயரில்லை என்று கேட்டவர்கள் குறைவு.

2013 இல் அல்ஜீரிய எழுத்தாளர் கமெல் தாவுத் அதைக் கேட்டார். கொல்லப்பட்டவனின் தம்பி பேசுவதாக அவர் எழுதிய நாவல், அந்த அராபியனுக்கு மூசா என்று பெயர் வைக்கிறது. இந்த நாவலும் 'மெர்சோ மறுவிசாரணை' என்ற பெயரில் வெங்கட சுப்புராய நாயகரின் மொழிபெயர்ப்பில் தமிழில் கிடைக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வாசியுங்கள். பிரான்சுக்கு வெளியே எழுதப்படும் பிரெஞ்சு இலக்கியம் என்ன செய்கிறது என்பதை விளக்க இதைவிட நல்ல பாடம் இல்லை. ஆண்டவனின் மொழியை எடுத்து, ஆண்டவன் பெயர் சொல்ல மறந்தவனுக்குப் பெயர் வைக்கிறது.

அல்ஜீரியர்களுக்கு இந்த மொழி இலகுவாக வாய்க்கவில்லை. 1956 இல் 'நெஜ்மா' என்ற நாவலை எழுதிய கத்தேப் யாசின், பிரெஞ்சைப் போரில் பறித்தெடுத்த பொருளாகவே கருதினார். பின்னர் 1970களில் சாதாரண மக்கள் பேசும் அரபியில் நாடகங்கள் போடத் திரும்பிவிட்டார். அசியா ஜெபார் கடைசிவரை பிரெஞ்சிலேயே எழுதி, 2005 இல் பிரெஞ்சு அக்கடமிக்குத் தெரிவானார். இருவரில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் துணியமாட்டேன். இருவரும் ஒரே காயத்துக்கு வெவ்வேறு மருந்து கட்டினார்கள்.

இந்தப் போக்குக்கு முன்னோடி 1930களில் பாரிஸில் படித்த மூன்று மாணவர்கள்: மார்த்தினிக்கின் எமே செசேர், செனகலின் செங்கோர், பிரெஞ்சு கயானாவின் தமாஸ். கறுப்பர் என்ற சொல்லை வசவாக ஏற்காமல் அடையாளமாக ஏந்திய 'நெக்ரித்யூட்' இயக்கம் அவர்களுடையது. இதில் செங்கோர் எமக்கு ஒரு வகையில் உறவுக்காரர். செனகலின் முதலாவது ஜனாதிபதியான அவர், ஆபிரிக்கருக்கும் திராவிடருக்கும் பண்பாட்டு உறவு இருக்கிறது என்று உறுதியாக நம்பினார். 1974 இல் சென்னைக்கு வந்து நெக்ரித்யூட்டும் திராவிடப் பண்பாடும் பற்றி உரையாற்றினார். டாக்கார் பல்கலைக்கழகத்தில் இந்திய - ஆபிரிக்க ஆய்வுகளுக்கு இடம் கொடுத்தார். தமிழறிஞர் க. ப. அறவாணன் அங்கே போய்ப் பணியாற்றியது அதன் விளைவுதான். செங்கோரின் மொழி ஒப்பீடுகளை இன்றைய மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. இருந்தாலும், பிரெஞ்சில் கவிதை எழுதிய ஓர் ஆபிரிக்க ஜனாதிபதி தன் அடையாளத்தைத் தேடும்போது தமிழையும் எட்டிப் பார்த்தார் என்பது சின்ன விஷயமல்ல.

கரும்புத் தோட்டத்துத் தமிழர்

எமக்கு மிக நெருக்கமான பகுதி இதுதான். பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848 இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் இல்லாமல் போயிற்று. ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய கப்பல்கள் பாண்டிச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து புறப்பட்டன. 'ஒரேலி' என்ற கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக்கையும், 1854 டிசம்பர் 24 அன்று குவாதலூப்பையும் அடைந்தது. குவாதலூப்புக்கு மட்டும் ஏறத்தாழ 42,000 பேரும், மார்த்தினிக்குக்கு ஏறத்தாழ 25,000 பேரும் கொண்டுசெல்லப்பட்டார்கள். இந்து சமுத்திரத்தில் றீயூனியனுக்குப் போனவர்கள் அதைவிட அதிகம். ஆங்கிலேயர் 1810 இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்த மொரீசியஸுக்கு 1834 தொடக்கம் ஏறக்குறைய ஐந்து இலட்சம் இந்தியர்கள் வந்திறங்கினார்கள். அந்தத் தீவை ஆண்டவர்கள் ஆங்கிலேயர், ஆனால் தெருவில் நடமாடியது பிரெஞ்சும் அதிலிருந்து பிறந்த கிரியோலும்.

மலையகத் தமிழரின் கதையை அறிந்த எவருக்கும் இதன் முதற்பகுதி தெரிந்ததே. வேறுபடுவது அடுத்த பகுதி. மலையகத்தில் தமிழ் நிலைத்தது. மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் இரண்டு மூன்று தலைமுறைக்குள் அது வீட்டுப் பேச்சிலிருந்து போய்விட்டது. எஞ்சியவை பெயர்கள், கோயில்கள், சமையல், சில சடங்குச் சொற்கள். பெயர்களும் பிரெஞ்சு எழுத்தர் காதில் விழுந்தபடி பதியப்பட்டன. தகப்பனின் பெயர் நிரந்தரக் குடும்பப் பெயராக உறைந்தது. முத்துசாமிகளும் இராமசாமிகளும் வீரப்பிள்ளைகளும் இன்றைய பிரெஞ்சு வாக்காளர் பட்டியலில் அப்படித்தான் இருக்கிறார்கள்.

அத்தகைய பெயர் கொண்ட ஒருவர்தான் குவாதலூப்பின் எர்னஸ்ட் முத்துசாமி. பிரெஞ்சுப் பாராளுமன்ற உறுப்பினராகவும் நகர முதல்வராகவும் இருந்தவர். அந்தத் தீவின் இந்தியரின் வரலாற்றை 1987 இல் 'ஒரோர்' என்ற நாவலாக எழுதினார். அவருக்கு முன்பே ஹென்றி சிதம்பரம் என்பவர், இந்திய வம்சாவளியினருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று 1904 முதல் 1923 வரை வழக்காடி வென்றிருந்தார். தமிழ்ப் பெயரோடு, பிரெஞ்சில் வழக்காடி, இந்தியருக்காக. மார்த்தினிக்கின் றபாயேல் கொன்பியான் 2004 இல் எழுதிய நாவல், பஞ்சத்தில் தமிழகத்தை விட்டுப் போன துரைசாமி குடும்பத்தைப் பற்றியது. அந்தத் துரைசாமியின் முதற்பெயர் அதியமான்!

மொரீசியஸின் கால் தொராபுலி 1992 இல் ஒரு சொல்லை உருவாக்கினார்: 'கூலித்யூட்'. நெக்ரித்யூட் 'கறுப்பன்' என்ற வசவை நிமிர்த்தியது போல, இது 'கூலி' என்ற தமிழ்ச் சொல்லை நிமிர்த்தியது. கூலி என்பது இங்கே ஓர் இனத்தின் பெயரல்ல. கடலைக் கடந்து, பல மக்களோடு கலந்து, புதிதாகிவிட்ட ஒருவரின் நிலை. இந்தியாவுக்குத் திரும்பும் ஏக்கத்தை அவர் மையமாக வைக்கவில்லை. கடற்பயணத்தையே மையமாக வைத்தார். அதே தீவின் நத்தாஷா அப்பானா, 2003 இல் வெளியான தன் முதல் நாவலில், கல்லைப் புரட்டினால் பொன் கிடைக்கும் என்று நம்பிக் கப்பலேறியவர்களைப் பற்றி எழுதினார். இருபது வருடங்கள் கழித்துத் தன் சொந்தப் பாட்டன் பாட்டியிடம் திரும்பினார். அவருடைய முன்னோர் தெலுங்கர். அனந்த தேவியும் தெலுங்குத் தாயின் மகள். 2006 இல் வெளிவந்த அவருடைய 'ஏவ்' நாவல் சேரிப்புற இளைஞர்களைப் பற்றியது. அதில் இந்திய அடையாளம் எங்கே என்று தேடுபவர்கள் ஏமாந்துபோவார்கள். அவருக்கு 2024 ஆம் ஆண்டுக்கான நியூஸ்டாட் சர்வதேச இலக்கியப் பரிசு கிடைத்தது.

நாவல்களுக்கு வெளியே நடந்த ஒரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். மொரீசியஸ் நாணயத் தாள்களில் ஆங்கிலத்துக்கு அடுத்ததாகத் தமிழ் எழுத்துகள் உண்டு. 1998 இல் வெளியிட்ட புதிய தாள்களில் ஹிந்தியை மேலேயும் தமிழைக் கீழேயும் அச்சிட்டுவிட்டார்கள். தமிழ் வம்சாவளியினர் கிளர்ந்தெழுந்தார்கள், தாள்கள் மீளப்பெறப்பட்டன. போராடியவர்களில் பெரும்பாலானோர் வீட்டில் பேசுவது கிரியோல். பஸ்ஸில் கேட்கப்பட்ட கேள்விக்கு இது ஒரு பதில். முழுப் பதிலல்ல, ஆனாலும் ஒரு பதில்.

றீயூனியனில் 'பால் தமூல்' என்றொரு ஆட்டம் இருக்கிறது. தமிழ்த் தெருக்கூத்தின் வழிவந்தது. அன்றாடம் தமிழ் பேசாத மக்கள், இதிகாசக் கதைகளைத் தமிழ்ப் பாட்டாகப் பாடி ஆடுகிறார்கள். வடமோடியும் தென்மோடியும் இன்னும் ஆடப்படும் மட்டக்களப்பிலிருந்து ஓர் ஆய்வு மாணவர் அங்கே போய் இரண்டையும் ஒப்பிட்டால் என்னவெல்லாம் தெரியவரும்! அதற்கு அவருக்குத் தேவைப்படுவது கூத்து அறிவும் பிரெஞ்சும். முதலாவது எம்மிடம் தாராளமாக உண்டு.

பாண்டிச்சேரித் திண்ணை, மொன்றியல் தெரு

பாண்டிச்சேரியை எல்லோரும் அறிவர் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1954 நவம்பர் 1 இல் ஆட்சி கைமாறி, 1962 இல் சட்டபூர்வமாக இந்தியாவோடு இணைந்த பிறகும் அங்கே பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அவர்களின் ஊர்ப்பேச்சை, குருசுக்குப்பத்துத் திண்ணையில் உட்கார்ந்து கேட்பதுபோல எழுதியவர் அரி கோத்தியே. அவருடைய 2018 ஆம் ஆண்டு நாவலின் பெயரே 'திண்ணை'. அதே பாண்டிச்சேரியிலிருந்து பிரான்சுக்குப் போய் ஸ்திராஸ்பூரில் வாழும் நாகரத்தினம் கிருஷ்ணா, எதிர்த்திசையில் தமிழில் எழுதுகிறார். அவருடைய 'நீலக்கடல்' பாண்டிச்சேரியையும் மொரீசியஸையும் இணைக்கும் நாவல்.

கனடாவின் கியூபெக் வேறு விதமான பாடம். கனடா முழுவதையும் எடுத்துப் பார்த்தால் பிரெஞ்சு சிறுபான்மையின் மொழி, ஆங்கிலக் கடலுக்குள் தன்னைக் காத்துக்கொள்ளப் போராடும் மொழி. மிஷெல் திரம்பிளே 1968 இல் மொன்றியல் தொழிலாளர் பேசும் கொச்சைப் பிரெஞ்சில் ஒரு நாடகத்தை மேடையேற்றியபோது பெரிய சர்ச்சை எழுந்தது. பாரிஸ் பிரெஞ்சுதான் இலக்கியத்துக்கு உகந்தது என்றவர்களுக்கும், எங்கள் சமையலறைப் பேச்சுக்கும் மேடை உண்டு என்றவர்களுக்கும் இடையிலான சண்டை அது. 1960களின் ஈழத்து மரபுப் போராட்டத்தில் 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர்கள் சாடியதும், முற்போக்கு எழுத்தாளர்கள் மண்வாசனையோடு எழுதிக் காட்டியதும் இதே கதைதான். 1977 இல் வந்த மொழிச் சட்டத்தின்படி கியூபெக்கில் குடியேறுவோரின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பாடசாலைக்கே போகவேண்டும். மொன்றியலில் வளர்ந்த எம்மவர் பிள்ளைகள் பிரெஞ்சு பேசுவது அதனால்தான். வியட்நாமிலிருந்து படகில் தப்பி வந்து கியூபெக்கில் வளர்ந்த கிம் துய், அந்தப் பயணத்தை 2009 இல் பிரெஞ்சில் சிறு நாவலாக எழுதினார். படகு என்ற சொல் எமக்குப் புரியவைக்கத் தேவையில்லாதது.

பாரிஸின் முதல் தலைமுறை

பாரிஸ் ஈழத்தமிழரின் முதல் தலைமுறை தமிழில்தான் எழுதியது. எக்ஸில், உயிர்நிழல் போன்ற சிற்றிதழ்கள் அங்கிருந்து வந்தன. அல்லைப்பிட்டியில் பிறந்த ஷோபாசக்தி முப்பது வருடங்களுக்கு மேலாகப் பிரான்சில் வாழ்ந்தும் தமிழிலேயே எழுதுகிறார். 'கொரில்லா', 'ம்', 'பொக்ஸ் கதைப் புத்தகம்' எல்லாம் பிரெஞ்சு மண்ணில் எழுதப்பட்ட தமிழ் நாவல்கள். அவர் முதன்மைப் பாத்திரத்தில் நடித்த 'தீபன்', பெரும்பகுதி தமிழ் பேசும் பிரெஞ்சுப் படம். அது 2015 இல் கான் விழாவின் உயர் விருதைப் பெற்றது.

இரண்டாம் தலைமுறை எந்த மொழியில் எழுதும் என்பதில் எனக்கு அதிகம் சந்தேகமில்லை. ஜெர்மனியில் வளர்ந்த செந்தூரன் வரதராஜா 2016 இல் தன் முதல் நாவலை ஜெர்மனில் எழுதினார். பிரான்சிலும் அதுவே நடக்கும். அப்போது அந்த நூலை நாம் என்னவென்று அழைப்போம்? பிரெஞ்சு இலக்கியமா, புலம்பெயர் இலக்கியமா, ஈழத்து இலக்கியமா? பிரான்ஸில் இந்தப் பெயரிடும் சண்டை ஏற்கெனவே நடந்துவிட்டது. 2007 மார்ச்சில் அனந்த தேவி உட்பட 44 எழுத்தாளர்கள் 'லு மோந்த்' பத்திரிகையில் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பாரிஸில் எழுதினால் 'பிரெஞ்சு இலக்கியம்', வேறெங்காவது எழுதினால் 'பிரெஞ்சுமொழிபேசுவோர் இலக்கியம்' என்று ஓரத்தில் வைக்கும் வழக்கத்தை அவர்கள் நிராகரித்தார்கள். 'புலம்பெயர் இலக்கியம்' என்ற தட்டில் சிலரை வைத்துவிட்டு மறந்துபோகும் எங்கள் பழக்கத்துக்கும் இது பொருந்தும்.

இலங்கையில் இதைப் படிக்க வழி முற்றாக இல்லை என்றில்லை. பிரெஞ்சு க.பொ.த. சாதாரண தரத்திலும் உயர் தரத்திலும் ஒரு பாடம். களனிப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பாகக் கற்கலாம். கொழும்பிலும் கண்டியிலும் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. ஆனால் வாகரையில் இருக்கும் மாணவிக்குக் கொழும்பு எத்தனை மணித்தியாலப் பயணம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இங்கே மொழியைக் கற்பவர்களும் பெரும்பாலும் குடும்பத்தோடு இணையவே கற்கிறார்கள். 2024 இல் பிரான்ஸ் கொண்டுவந்த குடிவரவுச் சட்டம் வதிவிட அனுமதிக்கும் குடியுரிமைக்கும் மொழித் தேர்ச்சி மட்டங்களை உயர்த்தியிருப்பதால் இந்தத் தேவை கூடவே செய்யும். அது குற்றமல்ல. ஆனால் பரீட்சைக்காகப் பிரெஞ்சு கற்கும் அதே வகுப்பில், மூசாவையும் அதியமான் துரைசாமியையும் பற்றி ஒரு மணித்தியாலம் பேசினால் என்ன?

இந்தக் கேள்வியை வாகரைப் பக்கத்தில் வைத்துக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வாகரையிலும் அதன் அயற் கிராமங்களிலும் கரையோர வேடர் சமூகத்தவர்கள் வாழ்கிறார்கள். செலிக்மன் தம்பதியர் 1911 இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலிலேயே அவர்களைப் பற்றிய பதிவு இருக்கிறது. மீன்பிடியும் தேன் எடுத்தலும் சேனைப் பயிரும் அவர்களின் பிழைப்பு. முன்னோரின் பேச்சு அவர்களிடம் இன்று அன்றாட மொழியாக இல்லை. தெய்வச் சடங்குகளில் சில சொற்கள் எஞ்சியிருக்கின்றன. அவர்கள் வீட்டில் பேசுவது தமிழ், பிள்ளைகள் படிப்பதும் தமிழில். இருந்தும் தங்களை வேடுவர் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். மொரீசியஸ் தமிழருக்குக் கிரியோல் எதுவோ, இவர்களுக்கு எங்கள் தமிழ் அது. லாச்சப்பலில் பிறந்த பிள்ளை தமிழ் மறந்துவிட்டதே என்று வருந்தும் நாம், அந்தக் களப்போரத்துச் சமூகத்துக்குத் தமிழ் எப்படி வீட்டு மொழியாயிற்று என்று எங்கள் நூல்களில் எவ்வளவு எழுதியிருக்கிறோம்? 'அந்நியன்' நாவலில் பெயரில்லாமல் போன மனிதனைப் போல, எங்கள் கதைகளிலும் நாவல்களிலும் அவர்கள் ஓரத்தில் வந்துபோகும் 'வேடன்' மட்டும்தானா?

கமெல் தாவுத் எழுதியது போன்ற ஒரு மறுவிசாரணையை வாகரைப் பாடசாலை ஒன்றில் இப்போது படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை நாளைக்கு எழுதக்கூடும். அதை எழுதப்போகும் மொழி தமிழாகத்தான் இருக்கும்.